ரசீது புத்தகத்தோடு நாலு நாள்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா உங்களுக்குத் தெரியாததில்லை. பகலில் பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. எங்க ஊரில் பத்து ராத்திரி கூத்து நடக்கும். போன வருஷம் வரி சரியா வசூல் ஆகலை. பாதி ஆம்பளைங்க சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலைக்குப் போயிட்டாங்க. கூத்தை மூணு ராத்திரியோடு நிறுத்திக்கலாம், அர்ச்சுனன் தபசு வேண்டாம் என்று விழாக்குழுவில் பேச்சு வந்தது.

அதைக் கேட்டு எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரே சத்தம். தபசு மரத்து மேலிருந்து அர்ச்சுனன் வீசுகிற எலுமிச்சம்பழத்துக்கு முந்தானை ஏந்தி உட்கார்ந்தவள் நான். மறு வருஷம் பெரியவள் பிறந்தாள். நம்பிக்கையோ என்னவோ, அதை விட்டுத்தர மனசு வரலை. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆறு பேர் போய் நின்றோம்.

"பொம்பளைங்க வீடு வீடா போய் காசு கேக்கறதா?" என்றார் ஒரு பெரியவர்.

"பேங்குல போய் கேக்கறோம், சொந்த ஊர்ல கேக்க மாட்டோமா மாமா?" என்றார் எங்கள் ஊக்குநர் அக்கா. மூணு ரசீது புத்தகம் கைக்கு வந்தது.

பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது, யார் கை கொடுக்குதோ அவங்க பேரில் ரசீது என்று முடிவு பண்ணிக்கிட்டோம். எங்க ஊரில் புருஷன் இல்லாத பொம்பளையைத் தலைக்கட்டில் சேர்க்க மாட்டாங்க. வரியும் கிடையாது, பேரும் கிடையாது. ஏரிக்கரைத் தெருவில் ஒரு பாட்டி நூறு நாள் வேலைக் காசில் ஐம்பது ரூபாய் கொடுத்தாங்க. பேர் கேட்டேன். செத்துப்போன தாத்தா பேரைச் சொன்னாங்க. "உங்க பேரு ஆயா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, மெதுவாச் சொன்னாங்க. எழுதிக் கொடுத்த ரசீதைப் பேரனிடம் மூணு தடவை படிக்கச் சொன்னாங்க. அன்றைக்கு வெயில் தெரியலை எனக்கு.

இப்போ என் தப்பைச் சொல்கிறேன். மூணாம் நாள் ராத்திரி சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருந்தார். கையில் காசில்லை. அரிசி டிரம்மில் மஞ்சப்பையில் வசூல் பணம் 6,200 இருந்தது. ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிலிருந்து 850 எடுத்துட்டேன். அம்மன் காசு. விடிய விடிய பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் நினைச்சேன். யாருக்கும் தெரியாமல் வைத்துவிடலாம், சீட்டுக் காசு நாலு நாளில் வரும்.

ஆனால் காலையில் ஊக்குநர் அக்கா வாசலில் போய் நின்னு சொல்லிட்டேன். திட்டினாங்க. "ராத்திரி என் கதவைத் தட்டியிருந்தா உள்கடன் கொடுத்திருக்க மாட்டேனா? அவசரத்துக்குத்தானே சேமிப்பு வைக்கிறோம்?" என்றாங்க. அன்றைக்கே கூட்டம் போட்டு, உள்கடன் 850 எழுதி, வசூல் பையில் சேர்த்தாங்க. ரசீது அடிக்கட்டையோடு பணம் சரியா இருந்தது.

மொத்தம் 41,350 ரூபாய் சேர்ந்தது. பத்து ராத்திரியும் கூத்து நடந்தது. படுகளத்தன்னைக்குக் கணக்கை மைக்கில் படிக்கும்போது என் 850-ஐயும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். வேண்டாம் என்றாங்க, நான்தான் விடலை. வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசலை. "ஊரே சிரிக்குது" என்றார். சிலர் சிரிச்சாங்க, அது நிஜம்தான்.

இந்த வருஷமும் புத்தகம் எங்களிடம்தான் வந்திருக்கு. இப்போ வசூல் பணம் யார் வீட்டிலும் தனியாகத் தங்காது. சாயங்காலமே ரெண்டு பேர் எண்ணி, பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் வீட்டில். கடன் 850-ம் கட்டி முடிச்சாச்சு. ஏரிக்கரைத் தெரு பாட்டி போன வாரமே வழியில் மடக்கி, "என் ரசீது எப்பம்மா?" என்று கேட்டாங்க.