சொல்லடைவும் கணிப்பொறியும்



நூல் நிலையத்தினுள் நுழையும் மாணவர் ஒருவரின் கண்ணெதிரே ஆயிரம் நூல்கள் இருக்கலாம். தமக்கு வேண்டிய செய்தி எந்நூலில், எப்பக்கத்தில் உள்ளது என்பதை அறிய வழியில்லையெனில், அவ்வாயிரம் நூல்களாலும் அவருக்குப் பயனில்லை. பல நாட்டினர் கூடி எழுதும் திறந்த மூல மென்பொருள் உலகில் இவ்விடர்ப்பாடு பன்மடங்கு பெரியது. அதனைத் தீர்க்க அமைக்கப்படும் தேடற்கருவிகளைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். மனிதர் எழுதிய வடிவில் உள்ள அக்கட்டளைகளை மூல நிரல் என்பர். அந்நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவது திறந்த மூல மென்பொருள். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் தொண்டர் அமைப்பு, இத்தகைய மென்பொருள்கள் பல்லாயிரத்தை ஒருங்கே தொகுத்து வழங்கி வருகிறது.

இத்தகைய கூட்டத்தாரின் அறிவு ஒரே நூலில் அடங்கியதன்று. கையேடுகளில் ஒரு பகுதி உண்டு. பிழை அறிக்கைகளில் ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு திருத்தத்திற்கும் எழுதிவைத்த காரணக் குறிப்பில் ஒரு பகுதி உண்டு. நிரலிலேயே புதைந்து கிடப்பதும் உண்டு. எழுதியவர் வேறு கண்டத்தில் வாழ்பவராக இருக்கலாம். பணியிலிருந்து விலகியவராகவும் இருக்கலாம். அவரை நேரிற் கண்டு கேட்க இயலாதபோது, அவர் எழுதிவைத்ததைத் தேடிக் கண்டடைவதே வழி.

இத்தேடல் எங்ஙனம் நிகழ்கிறது? நல்ல பதிப்புகளின் இறுதியில் சொல்லடைவு இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பதை அஃது அகர வரிசையிற் காட்டும். கணிப்பொறியும் அதனையே செய்கிறது. எல்லா ஏடுகளையும் முன்னரே படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் வினவும்போது ஏடுகளைப் புரட்டுவதில்லை. அடைவை மட்டுமே பார்க்கிறது.

ஆயினும், ஒரு சொல் பத்தாயிரம் இடங்களில் வருமாயின் எதனை முதலிற் காட்டுவது? இதற்கு ஒரு சிறந்த வழியை 1972ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் விளக்கினார். எங்கும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்பது அவர் கருத்து. "கோப்பு" என்னும் சொல் எல்லா ஏடுகளிலும் வரும். ஒரு தனிப் பிழையின் பெயரோ சிலவற்றில் மட்டுமே வரும். ஆகவே பின்னதே வழிகாட்டி.

சொற்களின் உருமாற்றம் மற்றோர் இடர். "மரம்" எனத் தேடுபவருக்கு "மரத்தை", "மரங்களில்" என வரும் இடங்களும் வேண்டும். விகுதிகளைக் களைந்து சொல்லின் அடியைக் காணும் முறை ஒன்றை ஆங்கிலத்திற்காக மார்ட்டின் போர்ட்டர் 1980இல் வெளியிட்டார். பின்னர் அவர் தொடங்கிய ஸ்னோபால் என்னும் திட்டத்தில் தமிழுக்குரிய விதிகளும் இடம்பெற்றன. 2019இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு அவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. வேற்றுமை உருபுகள் நிறைந்த நம் மொழிக்கு இஃது எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, மூல நிரலுக்குள்ளேயே தேடுவதன் பயனைப் பார்ப்போம். தரவுகளைச் சுருக்கும் ஸீலிப் என்னும் சிறு மென்பொருளில் 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆபத்தான பிழையொன்று வெளிப்பட்டது. மூலத்தைத் திருத்துதல் எளிது. ஆனால் அந்நிரலை வேறு பல மென்பொருள்கள் தமக்குள் படியெடுத்து வைத்திருந்தன. படிகள் எங்கெங்கு உள்ளன என்று கண்டறிந்தாலன்றி, அங்கெல்லாம் பிழை தங்கிவிடும். அத்தகைய நிலையில், தேடற்கருவியின் குறை பொதுமக்களின் பாதுகாப்பிற்கே குறையாகிறது.

நிரலிலோ சொல்லைப் போலவே குறிகளும் முக்கியம். சொல்லின் ஒரு பகுதியையும் தேட வேண்டிவரும். அதற்குச் சாதாரணச் சொல்லடைவு போதாது. மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்து அடைவு அமைப்பது ஒரு முறை. விளக்கத்தின் பொருட்டு, "கணிப்பொறி" என்பதை எடுத்துக்கொள்வோம். அது "கணிப்", "ணிப்பொ", "ப்பொறி" எனப் பிரியும். இம்மூன்றும் உள்ள ஏடுகளை மட்டும் முதலில் பொறுக்கி எடுத்து, பின்பு அவற்றுள் நுணுகித் தேடினால் வேலை மிகச் சுருங்கும்.

கூகிள் நிறுவனம் 2006 முதல் பொதுமக்களுக்கு வழங்கிவந்த நிரல் தேடற்கருவி இம்முறையிலேயே இயங்கியது. 2012இல் நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. அதனை உருவாக்கிய ரஸ் காக்ஸ், அதே ஆண்டு சனவரியில் அதன் உள்ளமைப்பை ஒரு கட்டுரையில் விளக்கி, சிறு கருவியொன்றின் நிரலையும் வெளியிட்டார். ஜெர்மானிய மாணவர் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் அவ்விளக்கத்தைக் கொண்டு, தம் பட்டப் படிப்பின் ஆய்வேடாக, டெபியன் தொகுப்பு முழுவதையும் தேடும் கருவியை அவ்வாண்டிலேயே அமைத்தார். அதன் நிரலும் எல்லார்க்கும் பொது. ஒரு வாயில் அடைபட்டபோது, எழுதிவைத்த விளக்கமே மற்றொரு வாயிலைத் திறந்தது.

எல்லாவற்றினும் கடினமான ஒன்று எஞ்சியிருக்கிறது. கற்றவர் எழுதும் சொல் வேறு; கற்கப் புகுவோர் தேடும் சொல் வேறு. புதியவர் "திரை இருண்டுவிட்டது" என்பார். வல்லுநரோ "வரைகலை இயக்கியின் பழுது" என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒன்றே என்பதைச் சொல்லடைவு அறியாது. பொருள் ஒற்றுமையை எண்களாக மாற்றி ஒப்பிடும் புதிய முறைகள் இவ்விடைவெளியைக் குறைத்து வருகின்றன. இன்று பொறிகள் தாமே விடையைத் தொகுத்தும் கூறுகின்றன. ஆனால் அவ்விடை எந்த ஏட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டினது, மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு உரியது என்பவற்றையும் காட்டுவதே நம்பத்தகுந்த கருவி. பத்தாண்டுகளுக்கு முன் சரியாயிருந்த விடை இன்று கேடு விளைக்கவும் கூடும்.

மாணவ நண்பர்களே! இப்பணியில் பங்குகொள்ளப் பெரும்புலமை தேவையில்லை. நீங்கள் எதிர்ப்பட்ட பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் குறித்து வையுங்கள். முதலில் எச்சொல்லால் தேடி ஏமாந்தீர்கள் என்பதையும் உடன் எழுதுங்கள். அடுத்து வருபவரும் அச்சொல்லாலேயே தேடுவார். விடை கிடைத்ததும் போய்விடாமல், தீர்ந்த விதத்தைப் பதிப்பெண்ணோடும் தேதியோடும் பதிவு செய்யுங்கள். தேடற்கருவி அமைப்போருக்குப் புதியவரின் சொற்களே விலையுயர்ந்த செல்வம். அதனை வழங்க வல்லவர்கள் இன்று கற்கத் தொடங்கும் நீங்களே.