ஒரே வீதி, இரண்டு தீர்ப்பு

(அடுகோடி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம்மவா எல்லாரும் ஒரே கட்சிக்குத்தானே போடறோம்? இதிலே பேச என்ன இருக்கு?" என்று இன்று காலை ஒரு நண்பர் கேட்டார். நிறைய இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் பிரசாரம் செய்ய நான் வரவில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் அடுகோடி 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு பி.டி.எம். லேஅவுட் சட்டசபைத் தொகுதியில் இருக்கிறது. 2008, 2013, 2018, 2023 என்று நான்கு தேர்தல்களிலும் இங்கே ஜெயித்தவர் காங்கிரஸின் ராமலிங்க ரெட்டி. இதே தொகுதி, பெங்களூர் தெற்கு லோக்சபா தொகுதியின் எட்டுப் பகுதிகளில் ஒன்று. அங்கே 1991 முதல் 2024 வரை ஒன்பது பொதுத் தேர்தல்களிலும் பா.ஜ.க.தான். அதில் ஆறு முறை அனந்தகுமார். 2014இல் அவரை எதிர்த்து நின்ற நந்தன் நிலேகனி கூட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

ஆக, ஒரே வீதிக்கு எம்.எல்.ஏ. ஒரு கட்சி, எம்.பி. வேறு கட்சி. மற்ற ஏழு பகுதிகளின் ஓட்டு இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. தண்ணீர், சாக்கடை, கத்தா என்றால் ஒருவர். டில்லி என்றால் வேறொருவர் என்று பிரித்துப் போடும் குடும்பங்கள் எனக்கே தெரியும். அப்பா ஒன்று, பிள்ளை ஒன்று என்று போடும் வீடுகளும் உண்டு. இதில் தப்பு ஒன்றும் இல்லை.

"நம்மவர் ஓட்டு இத்தனை" என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டு ரகசியம். மிஷின் வந்தபிறகு ஒவ்வொரு சாவடிக்கும் எண்ணிக்கை தனியாக வெளியாகிறது என்பது உண்மை. பல சாவடிகளின் ஓட்டுகளைச் சேர்த்து எண்ணலாம் என்று தேர்தல் கமிஷன் 2008இலேயே யோசனை சொல்லியும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஒரு சாவடியில் ஆயிரம் பேர் என்றால், அதில் கன்னடர், தெலுங்கர், நம் தமிழர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். அதில் நம் ஓட்டு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தமிழர் என்பதற்காக ஒரே சின்னம் என்ற காலமும் இருந்தது. 1994இல் பெங்களூர் காந்திநகரிலும், 1999இல் கோலார் தங்கவயலிலும் அ.தி.மு.க. ஜெயித்தது. அதன் பிறகு அந்த அலை ஓய்ந்துவிட்டது. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். 2016 செப்டம்பரிலும் பார்த்தோம். பாஷையை வைத்துத் தனியாக நிற்பதைவிட, இந்த ஊர்க்காரராக நின்று கேட்பதே பலம் என்பது என் அபிப்ராயம்.

இனி, என் மனசை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 2024 லோக்சபா தேர்தலில் பெங்களூர் தெற்கில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 53 சதவீதம். கர்நாடகம் முழுவதிலும் 70 சதவீதம். ஓட்டு நாள் வெள்ளிக்கிழமை. 2014, 2019 இரண்டு முறையும் வியாழன், மறுநாள் குட் ஃப்ரைடே. மூன்று நாள் லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுகிறோம். அதனால்தான் 2023 சட்டசபைத் தேர்தலைப் புதன்கிழமை வைத்தார்கள். அந்தத் தேர்தலில் பக்கத்து ஜெயநகரில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் வெறும் 16 ஓட்டு! நம் ஹாலில் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே போதும், முடிவை மாற்ற.

இன்னொன்று. நம்மில் பலர் முப்பது வருஷமாக இங்கே குடியிருந்தும், பெயரை மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ வைத்திருக்கிறோம். "அங்கே பூர்வீக வீடு இருக்கே" என்கிறோம். சட்டம் அதை ஒப்புக்கொள்வதில்லை. வீடு இருப்பது மட்டும் போதாது. எங்கே வழக்கமாக வசிக்கிறோமோ அங்கேதான் ஓட்டு. இரண்டு இடத்தில் பெயர் இருப்பதும் கூடாது. இடம் மாற்ற படிவம் 8 போதும். 85 வயது தாண்டியவர்கள் படிவம் 12டி கொடுத்தால், தேர்தல் அதிகாரிகளே வீட்டுக்கு வந்து ஓட்டை வாங்கிக்கொள்கிறார்கள். மாடிப்படி இறங்க முடியாத தாத்தா பாட்டிகளுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். பெங்களூர் மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025இல் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கும்வரை ஐந்து வருஷம் வார்டு கவுன்சிலரே கிடையாது. குப்பை லாரி வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தோமா இல்லையா?

யாருக்குப் போடுவது என்பது உங்கள் மனசாட்சி. அதில் சங்கம் தலையிடக் கூடாது, தலையிடவும் வேண்டாம். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வருவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் பெயர் அடுகோடிப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பஞ்சாங்கம் பார்த்து எத்தனையோ நாள் குறிக்கிறோம்; ஓட்டு நாளையும் அதில் குறித்துக்கொள்வோம்.