விற்காமல் வைத்த கருவிகள்

(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





நம் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அவர்கள் ஒரு படப்பிடிப்பு வளாகம் அமைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய இடம் என்று வியக்கிறோம். அதைக் கட்டியவர் ஒன்பது வயதில் யதீமானவர் என்பதை மறந்துவிடுகிறோம். இசையைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். இன்று நாம் பேச வந்தது அவருடைய தாயாரைப் பற்றி.

அவர் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் இறந்துபோனார். வீட்டில் ஒரு மகன், மூன்று மகள்கள். மிஞ்சிய சொத்து இசைக்கருவிகள்தான். அவற்றை விற்று, வட்டியில் குடும்பம் நடத்தலாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் குடும்பம் அப்போது இஸ்லாத்திற்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாய் மறுத்துவிட்டார். "என் மகன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்" என்பதே அவர் பதில். கருவிகளை வாடகைக்கு விட்டார். அதில் அடுப்பு எரிந்தது. அந்தக் கருவிகளோடு வளர்ந்த பிள்ளை, பெரிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசிக்கப் போனார். பின்னர் மகனின் ஒலிப்பதிவுக் கருவிக்காகத் தன் நகைகளையும் அந்தத் தாய் கொடுத்ததாக ரஹ்மான் சொல்லியிருக்கிறார். 1992-ல் 'ரோஜா' வந்தது. 2009-ல் இரண்டு ஆஸ்கர் விருதுகளை வாங்கிய மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். கரீமா பேகம் என்று பெயர் மாறியிருந்த அந்தத் தாய் அந்த அரங்கிலேயே இருந்தார். 2020 டிசம்பரில் அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளியாக்குவானாக.

கவனியுங்கள். அந்தத் தாய் தங்கத்தைக் கொடுத்தார், தொழில் கருவியைக் காப்பாற்றினார். நாமோ தங்கத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் கருவியை விற்கிறோம்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வெல்டிங் வேலை செய்த ஒரு சகோதரர் மவ்த்தானார். நாங்கள் போய் ஸலாம் சொல்லி, மூன்று மாத மளிகைக்குப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்கவில்லை. நாற்பதாம் நாள் செலவுக்காக வெல்டிங் மெஷின் அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது. பதினாறு வயது மகன் படிப்பை விட்டுவிட்டு சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். அந்த மெஷினில் அவனுக்கும் பங்கு இருந்தது. யதீம்களின் பொருளைப் பேணும்படி அந்நிஸா அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்று மதரஸாவில் ஓதிய எங்களுக்கே அன்று நினைவு வரவில்லை.

பிள்ளைகளே, ஒரு எச்சரிக்கை. ரஹ்மானும் பள்ளியைப் பாதியில் விட்டவர்தானே என்று சொல்லாதீர்கள். குடும்பக் கஷ்டம் அவரை அப்படிச் செய்ய வைத்தது. அவரே 2008-ல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுத்தார். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டில் சம்பாதிப்பவர் மவ்த்தானால், இத்தா முடிவதற்குள் எதையும் விற்க வேண்டாம் என்று அந்தச் சகோதரியிடம் சொல்லுங்கள். ஆட்டோவோ, தையல் மிஷினோ, பிரியாணி தேக்சாவோ, எதுவானாலும் முதலில் எங்களுக்குத் தகவல் கொடுங்கள். நியாயமான வாடகைக்கு விட ஆள் தேடித் தருவோம். வாடகை வரும்வரை வீட்டுச் செலவை டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ். நாற்பதாம் நாள் சாப்பாட்டை எதிர்பார்த்து யாரும் அந்த வாசலில் நிற்க வேண்டாம்.

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் யதீமாக வளர்ந்தவர்களே. நம் ஊர் யதீம்களின் பொருளை அமானிதமாகக் காக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.