மொரப்பூர் வழியே போன ரயில்



நம் அரூருக்கு ரயில் இல்லை. மொரப்பூருக்கு பஸ் பிடித்துத்தான் ரயில் ஏறுகிறோம். மொரப்பூர் வழியே போகும் அந்த ரயில் பாதையை 1860-களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்டுவிட்டது. லாபம் வராவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி உண்டு என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த வட்டியைக் கட்டியது நம் வரிப்பணம். அன்றைக்குத் தெற்கே நிலக்கரி அரிது. எஞ்சினுக்கு விறகு, தண்டவாளத்துக்கு அடியில் கட்டை, எல்லாம் காட்டிலிருந்து போனது. ரயில்வே கேட்கும் மரத்துக்குக் காடு தாங்குமா என்ற கவலை, 1856-ல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளரான கிளெகார்னுக்கே இருந்தது.

பிறகு 1876–78 தாது வருடப் பஞ்சம். நம் பகுதி அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று. இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ரயில் ஓடிக்கொண்டிருந்த மாவட்டத்தில்தான் ஜனங்கள் செத்தார்கள். தானியம் வண்டியில் வந்தது. வாங்கக் கையில் காசில்லை. இருந்தும் 1880-ல் பஞ்சக் கமிஷன் சொன்ன மருந்துகளில் முக்கியமானது, இன்னும் ரயில்!

அப்படி வந்ததுதான் இரண்டரை அடி அகலக் குறும்பாதை: 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு, 1913-ல் ஓசூர் வரைக்கும். 1941-ல், உலகப் போரின் நடுவே, அதை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போடும்போதும் நம்மைக் கேட்கவில்லை, பெயர்க்கும்போதும் கேட்கவில்லை.

அதே மொரப்பூர்–தர்மபுரி தடத்துக்கு, 36 கிலோமீட்டருக்கு, 2016–17 பட்ஜெட்டில் ஒப்புதல் வந்தது. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த ரயில் வேண்டும் என்று கேட்டது நாம். 2018-ல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு அதிகாரிகள் அளவுக்கல் நட வந்தபோது வேண்டாம் என்று வரப்பில் நின்றதும் இதே அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து ஜனங்கள்தான். இவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்பது சோம்பேறித்தனமான பேச்சு.

சாலைக்காவது சுற்றுச்சூழல் அனுமதி, கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஒரு சடங்கு உண்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதையே கிடையாது. வனநிலம் குறுக்கிட்டால் வன அனுமதி வேண்டும், அவ்வளவுதான். ரயில்வே சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தால், 2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு பொருந்தும். சமூகத் தாக்க ஆய்வு பொருந்தாது. பணத்தை எண்ணலாம், பாதிப்பை எண்ண வேண்டாம் என்று அர்த்தம்.

பாதிப்பு என்ன? கிணறும் மோட்டாரும் பாதைக்கு இந்தப் பக்கம், உழுகிற காடு அந்தப் பக்கம். எடுத்த சென்டுக்கு இழப்பீடு உண்டு. நிலம் துண்டாவதால் மிச்ச நிலத்துக்கு வரும் சேதத்தையும் கணக்கில் எடுக்கச் சட்டம் சொல்கிறது. ஏரிக்கு வரும் ஓடையில் மண் கரை குறுக்கே நின்று, அதன் அடியில் விடும் சிறுபாலம் சின்னதாகப் போனால், மேலே வயல் மூழ்கும், கீழே ஏரி காயும். ஏரி உடைந்தால் தண்டவாளத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க, ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள் என்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். ரயில்வே பாதிக்கும் ஏரிகளுக்கு அப்படிப் பட்டியல் போட யாருக்கும் தோன்றவில்லை.

ரயிலுக்காக மனுக் கொடுக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த மனுவிலேயே இரண்டு வரி சேருங்கள். பாதையின் வரைபடத்தை ஓடை, வாய்க்காலோடு கிராம சபையில் வைக்கச் சொல்லுங்கள். பட்டா இல்லாமல் குத்தகைக்கும் கூலிக்கும் உழுகிறவர்களின் பெயரையும் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.