பாட்டு ஒருவருடையது, பெயர் மூவருடையது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஒரு கலைஞனை உயர்த்துவது எது?" என்பது நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர்கள் திறமை என்றார்கள், உழைப்பு என்றார்கள், நேரம் கூடிவர வேண்டும் என்றார்கள். மூன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மூன்றும் கைகூடிய பிறகும் ஒரு கலைஞன் எதை இழக்க நேரிடும் என்பதையும் நாம் பேச வேண்டும். அதற்காக ஒருவருடைய கதையைக் கொண்டு வந்திருக்கிறேன். அவர் பெயர் சக் பெர்ரி.

ராக் அண்ட் ரோல் என்றதும் நம்மில் பலருக்கு எல்விஸ் பிரெஸ்லியின் முகம்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. ஆனால் தானே எழுதி, தானே பாடி, தானே கித்தார் வாசித்து அந்த இசைக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சக் பெர்ரி. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் ஆகிய இரு குழுவினருமே தொடக்க காலத்தில் அவருடைய பாடல்களைப் பாடிப் பதிவு செய்தவர்கள்தாம்.

ஆற்றுக்கு அக்கரையில் கிடைத்த வாய்ப்பு

1926 அக்டோபர் 18ஆம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை தேவாலயத்தில் பொறுப்பு வகித்த கட்டுப்பாடான மனிதர். மகனோ பதினேழு வயதில் நண்பர்களோடு சேர்ந்து ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்துப் பிடிபட்டார். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து அவர் வெளியே வந்தது 1947இல், தமது 21ஆவது பிறந்த நாளன்று. அடுத்த ஆண்டு திருமணம். குடும்பத்தைக் காப்பாற்ற கார் தொழிற்சாலையில் வேலை செய்தார், கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தார், முடி அலங்காரத் தொழிலும் கற்றுக்கொண்டார்.

1952ஆம் ஆண்டின் கடைசி இரவு. செயின்ட் லூயிசுக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றின் அக்கரையில் காஸ்மோபாலிட்டன் கிளப் என்று ஓர் இடம். ஜானி ஜான்சன் என்ற பியானோ கலைஞரின் மூவர் குழு அங்கே வாசிக்க வேண்டும். குழுவில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை. அந்த ஓர் இரவை ஒப்பேற்ற ஜான்சன் அழைத்த ஆள்தான் சக் பெர்ரி. ஒருநாள் வேலைக்கு வந்தவர் அங்கேயே நிலைத்தார்.

அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். கறுப்பினத்தவர் நிறைந்த அந்த மன்றத்தில் வெள்ளையர்களின் கிராமியப் பாட்டைப் பாடினால் முதலில் சிரித்தார்கள். பிறகு அதையே மீண்டும் பாடச் சொல்லி ஆடினார்கள். செய்தி பரவி வெள்ளையர்களும் வரத் தொடங்கினார்கள். இரு சாராருக்கும் புரியும்படி ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்துப் பாடினார் பெர்ரி. சட்டத்தாலும் வழக்கத்தாலும் பிரிக்கப்பட்டிருந்த மக்களை ஒரே தாளத்துக்கு ஆட வைக்க முடியும் என்பதை அவர் அங்கேதான் கற்றார்.

இசைத்தட்டில் மூன்று பெயர்கள்

1955 மே மாதம் சிக்காகோ சென்றார். அங்கே புளூஸ் இசை மேதை மடி வாட்டர்ஸைச் சந்தித்து, "இசைத்தட்டு போட யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் லெனர்ட் செஸ்ஸைப் பார்க்கச் சொன்னார் வாட்டர்ஸ். புளூஸ் பாட்டுத்தான் செஸ்ஸுக்குப் பிடிக்கும் என்று பெர்ரி நினைத்தார். செஸ்ஸின் காது பிடித்துக்கொண்டதோ, பழைய கிராமியப் பாட்டு ஒன்றைத் தழுவிப் பெர்ரி அமைத்திருந்த துள்ளல் பாட்டை. "மேபலின்" என்று புதுப் பெயர் சூட்டப்பட்டு, மே 21ஆம் தேதி அது பதிவானது. பியானோவில் அதே ஜானி ஜான்சன்.

அந்தப் பாட்டு ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் முதலிடம் பிடித்தது. வெள்ளையர் ஆதிக்கம் செலுத்திய பொது வரிசையில் 5ஆம் இடம். ஆற்றைக் கடந்துபோய் வாசித்தவர் சில மாதங்களில் நாடறிந்த பாடகரானார்.

ஆனால் இசைத்தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், பாட்டை இயற்றியவர்கள் என்று மூன்று பெயர்கள். ஒன்று பெர்ரி. இன்னொன்று ஆலன் ஃபிரீட். நியூயார்க் வானொலியில் கொடிகட்டிப் பறந்த அறிவிப்பாளர், ராக் அண்ட் ரோல் என்ற சொல்லை நாடெங்கும் பரப்பியவர். மூன்றாவது ரஸ் ஃபிரட்டோ, செஸ் நிறுவனத்தோடு தொழில் தொடர்பு கொண்டிருந்தவர். இந்த இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இயற்றியவர் என்று பெயர் இருந்தால், விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் உரிமைத்தொகை வரும். பாட்டை வானொலியில் ஓயாமல் ஒலிக்கச் செய்வதற்கு அதுதான் கூலி. பேயோலா என்று அமெரிக்காவில் அழைக்கப்பட்ட இந்தக் கையூட்டு பற்றிப் பாட்டு வெளிவந்த பிறகே தமக்குத் தெரிந்தது என்று பெர்ரி பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார்.

"ஃபிரீட் ஒலிபரப்பாமல் இருந்திருந்தால் பாட்டு எப்படி உயர்ந்திருக்கும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டு வாங்கினால் அது பேரம். சொல்லாமல் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். கையூட்டு வழக்கில் ஃபிரீட் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். மூன்று ஆண்டுகளில் காலமானார். ஆனாலும் பாட்டிலிருந்து அவருடைய பெயர் விலகவில்லை. அந்த இரு பெயர்களும் நீக்கப்பட்டு, "மேபலின்" பெர்ரிக்கு மட்டுமே உரியதானது 1986இல். முப்பத்தொரு ஆண்டுகள்!

புகழும் புண்ணும்

அதற்குள் அவர் எவ்வளவோ உயரத்துக்குப் போய்விட்டார். பள்ளிக்கூட மணி, கார், காதல் என்று இளைஞர்களின் அன்றாட வாழ்க்கையையே பாட்டாக்கினார். பள்ளி நாளைப் பற்றிய அவருடைய பாட்டு 1957இல் வந்தபோது அவருக்கு வயது முப்பது! 1958இல் வந்த "ஜானி பி. கூட்" பாட்டில் கறுப்பினச் சிறுவன் என்று முதலில் எழுதியிருந்தார். வானொலிகள் ஒதுக்கிவிடுமோ என்று அதைக் கிராமத்துச் சிறுவன் என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பாட்டுத்தான் 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைக்கப்பட்ட தங்கத் தட்டில் இடம்பெற்று விண்வெளிக்குச் சென்றது.

அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சம்பந்தப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று 1962, 1963ஆம் ஆண்டுகளில் சிறையில் இருந்தார். அது மன்னிக்கக்கூடிய செயல் அன்று. பிற்காலத்தில் யாரையும் நம்பாமல், பணத்தை ரொக்கமாக முன்கூட்டியே வாங்கிய பிறகுதான் மேடை ஏறினார். அதுவே வருமான வரி ஏய்ப்பில் முடிந்து, 1979இல் மறுபடியும் சிறைக்கு அனுப்பியது.

மறக்கப்பட்ட பியானோ

இனி, முதல் வாய்ப்பைக் கொடுத்த ஜானி ஜான்சனுக்கு வருவோம். 1980களில் அவர் செயின்ட் லூயிசில் முதியோருக்கான பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பெர்ரியின் அறுபதாம் பிறந்த நாளையொட்டிய இசை நிகழ்ச்சிக்காக ரோலிங் ஸ்டோன்ஸ் கித்தார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் அவரைத் தேடிப் பிடித்தார். பெர்ரியின் பல பாடல்கள் கித்தாருக்கு இயல்பான சுருதியில் இல்லை, பியானோவுக்கு இயல்பான சுருதியில் இருக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டியவரும் ரிச்சர்ட்ஸ்தான்.

2000ஆம் ஆண்டில், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை உருவாக்கியதில் தமக்கும் பங்கு உண்டு என்று ஜான்சன் வழக்குத் தொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்று 2002இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யார் சொன்னது உண்மை என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. ஜான்சன் 2005இல் மறைந்தார். பெர்ரி 2017இல் தமது தொண்ணூறாவது வயதில் மறைந்தார்.

தன் பாட்டில் அந்நியர் பெயரைப் பார்த்து முப்பத்தொரு ஆண்டுகள் புழுங்கியவர் அவர். பக்கத்தில் அமர்ந்து வாசித்தவரின் பெயரையும் ஒருநாள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாமே என்று என் மனம் கேட்கிறது.

நான் தொலைக்காட்சியில் வேலை செய்பவன். நிகழ்ச்சி முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடும். நேயர்கள் அதற்குள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். ஆனால் ஒளிப்பதிவாளர் தம் பெயர் வரும் அந்த இரண்டு வினாடிக்காகக் குடும்பத்தோடு காத்திருப்பார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கலைஞனை உயர்த்துவது எது என்று கேட்டீர்கள். திறமைதான் உயர்த்துகிறது. ஆனால் உயர்ந்த பிறகு அந்த உழைப்பு யாருடையது என்பதைத் தாளில் உள்ள பெயர்தான் சொல்கிறது. பாட வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கையெழுத்துப் போடும் முன் தாளை முழுதாகப் படியுங்கள், உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே, உங்களோடு உட்கார்ந்து உழைத்தவரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.