பட்டமும் பண்பும்



ஏட்டுக்கல்வி நல்ல தலைவரை உருவாக்குமா? 1942 சனவரி 20 அன்று, யூத இன அழிப்பை ஒருங்கிணைக்கப் பெர்லினின் வான்சே பகுதியில் கூடிய 15 பேரில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். பட்டம் அவர்தம் கொடுமையைத் தடுக்கவில்லை.

காமராசரோ பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். ஆயினும் தம் வாழ்வையே சான்றாக்கி, பள்ளி வேண்டாம் என்று அவர் முடிவு கட்டவில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து சிற்றூர்களிலும் பள்ளிகளைத் திறந்தார்; பிள்ளைகளின் பசியுணர்ந்து மதிய உணவும் அளித்தார்.

கல்வி ஆற்றலைத் தரும். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை நெஞ்சமே தீர்மானிக்கும். அந்நெஞ்சைப் பண்படுத்துவதில் பாவலர்க்கும் பங்குண்டு. பத்தாண்டு கண்ட நம் வட்டம் அப்பணியைத் தொடர்க!