ஊரில் வாங்கிய நகை



தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தாலும், நகை வாங்குவதென்றால் நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்வரை காத்திருக்கிறோம். காரணம் கேட்டால் நம்மூர்த் தங்கம் மாற்று உயர்ந்தது என்போம். உண்மையில், சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று துணிந்து பேரம் பேச அங்கே நமக்கு வாய் எழுகிறது; கரோல்பாக் கடையில் அது எழுவதில்லை.

ஆனால் பேசத் தெரிந்த இடத்திலேதான் எழுத்தை மறந்துவிடுகிறோம். "மூன்று தலைமுறைப் பழக்கம், ரசீது எதற்கு? பில் போட்டால் வரி சேருமே" என்று கடைக்காரர் நயமாகச் சொல்வார். நூற்றுக்கு மூன்று ரூபாய் மிச்சமென்று நாமும் மகிழ்ந்து, கடையின் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டுடன் ரயிலேறுவோம். மிச்சம் பிடித்தது சர்க்காருக்குச் சேரவேண்டிய பணம் என்பதை அப்போது யாரும் எண்ணுவதில்லை. சில மாதங்கள் கழித்து அளவு சரிசெய்ய இங்குள்ள பொற்கொல்லரிடம் வளையலைக் கொடுக்கும்போதுதான், மாற்றுக் குறைவென்றும், கல்லும் அரக்கும் தங்கத்தோடு சேர்த்து நிறுக்கப்பட்டனவென்றும் தெரியவருகிறது.

"இரண்டாயிரம் கிலோமீட்டர் போய் யார் வழக்காடுவது?" என்று வீட்டில் பேச்சு எழும். முன்பு அது நியாயமான பேச்சே. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் நேர்ந்த இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ, வாங்கியவர் வசிக்கும் ஊரிலும் வேலை பார்க்கும் ஊரிலும் முறையிட வழி செய்தது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் அச்சட்டத்தில் இல்லை என்றே நாம் கருதுகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஆணையத்தில் ரசீது இல்லாமல் நிற்பது கடினம். நகையின் விவரம், கல் நீங்கலான தங்கத்தின் நிகர எடை, மாற்று, முத்திரைக் கட்டணம் ஆகியவை அதில் தனித்தனியே இருக்கவேண்டும். மொத்த எடை மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அணியப்போகிறவர் நீங்களாயிருக்க, பில் ஏன் கணவர் பெயரில்? உங்கள் பெயரிலேயே கேளுங்கள்.

நகையிலும் மூன்று குறிகள் உண்டு: இந்தியத் தர அமைவனத்தின் முத்திரை, மாற்று, அதாவது இருபத்திரண்டு காரட்டானால் 916 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளம். முத்திரை நகைகளை இந்த ஆறிலக்கமின்றி விற்பது 2023 ஏப்ரல் முதல் தடுக்கப்பட்டுள்ளது. எழுத்து மிகப் பொடி. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கூச்சமின்றிக் கேட்டு வாங்குங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் அந்த ஆறிலக்கத்தை இட்டால் நகையின் மாற்றும் முத்திரையிட்ட இடமும் தெரியும். முத்திரையிட்ட மாற்றைவிடக் குறைவென்று சோதனையில் தெரிந்தால், குறைவுக்குரிய மதிப்பில் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் பெற விதி இருக்கிறது. இரண்டு கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி போன்றவற்றுக்கு முத்திரை கட்டாயமில்லை; அங்கே ரசீது ஒன்றே துணை.

அந்த ரசீதை நகைப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். பெட்டி களவு போனால் அதுவும் போகும். இக்காலத்து ரசீதுத் தாளில் எழுத்து விரைவில் மங்கிவிடுவதால், ஊரைவிட்டுப் புறப்படுமுன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.